முந்நூற்றுப் பதினெட்டுக் கிலோ வாழ்த்து

ஆவுடையூரில் வாழ்த்து அட்டைகள் கனக்கத் தொடங்கியது ஆனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஊரில் வேறெதுவும் நடக்கவில்லை ஆதலால் அந்த நாள் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. தையற்கடை பிச்சைக்கனி, தூத்துக்குடியில் புதுவீடு கட்டிப் பால்காய்ச்சவிருந்த தன் அண்ணனுக்கென்று, ராஜகனியிடம் சொல்லிச் செய்து வாங்கிய அட்டையை உறையிலிட்டு, முகவரி எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, தெருமுனையிலிருந்த தபால்பெட்டியின் வாய்க்குள் நுழைத்துக் கையை விட்டாள். அட்டை உள்ளே விழுந்த ஓசை அரிசி மூட்டையைத் தரையில் இறக்கிய ஓசையாக இருந்தது. பெட்டி தன் ஒற்றை இரும்புக்காலோடு மெல்லச் சாய்ந்து, பக்கத்து வேப்பமரத்தில் தோளை முட்டுக்கொடுத்து நின்றது. பிச்சைக்கனி அதைச் சற்று நேரம் பார்த்தாள்.

"காலு துருப்பிடிச்சுப் போச்சு," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

மாலை மூன்றரை மணிக்குப் பெட்டியைத் திறந்த தபால்காரர் தாவீது, இருபத்தாறு ஆண்டுகளாகக் கடிதங்களை அள்ளியெடுத்துப் பழகிய கையால் அந்த உறையை அள்ள முயன்று, முடியாமல், பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்து, டீக்கடையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூவருமாக அதைத் துண்டில் கட்டித் தூக்கி அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனார். அஞ்சலகத் தராசுக்கு அது அடங்கவில்லை. போஸ்ட் மாஸ்டர் குற்றாலிங்கம் எதற்கும் பதறாதவர். எதிர்ச்சாரியிலிருந்த காகிதக் கிடங்கின் பெரிய தராசை இரவல் வாங்கி நிறுத்துப் பார்த்து, 'நாற்பத்தொரு கிலோ' என்று பதிவேட்டில் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'ஒரு வாழ்த்து' என்று குறித்துக் கையெழுத்திட்டார்.

ஆவுடையூர் அச்சகங்களின் ஊர். நாற்பது அச்சகங்கள் காலண்டரும் டைரியும் தீப்பெட்டிச் சீட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக இராப்பகல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஊரில், முப்பது ஆண்டுகளாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தவள் ராஜகனி. ஐம்பத்தாறு வயது, கணவன் ஆறுமுகச்சாமி அச்சு இயந்திரம் ஓட்டுபவர், ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் பார்த்துக் கையெழுத்திட்ட தாளில் இன்னொருவர் கண் வைப்பது வீண் வேலை என்பது அச்சகத்தார் அனைவரும் ஒப்புக்கொண்ட செய்தி. காலை முழுவதும் பிழை திருத்துவாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அட்டை செய்வாள். இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே அடிக்கோல், ஒரே முகம்.

அட்டைக்கு அவள் எடுத்தவை அச்சகத்தார் கழித்துப் போட்ட தாள்கள். ஒரு வேலையைத் தொடங்கும்போது நிறம் சரியாகும்வரை இயந்திரத்தில் சில நூறு தாள்களை வீணாக ஓட்டுவார்கள். காகிதத்தை மிச்சம் பிடிக்க அதே தாள்களையே அடுத்த வேலைக்கும் அதற்கடுத்த வேலைக்கும் ஓட்டுவார்கள். ஆகவே ஒரே தாளில் முருகனுடைய மயிலின் மேல் தீப்பெட்டிப் புலியும், புலியின் மேல் பற்பசை விளம்பரத்துப் பற்களும், பற்களின் மேல் வரப்போகும் ஆண்டின் தை மாதமும் ஏறிக் கிடக்கும். அந்தக் குழப்பத்தில் தெய்வத்தின் முகமோ தேதியோ வராத ஒரு சதுரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வெட்டி, கெட்டி அட்டையில் ஒட்டி, மடிப்பை மரச்சில்லால் தேய்த்து, தானே அழிரப்பரில் பிளேடால் செதுக்கிய மாவிலை, கிளி, அகல்விளக்கு, நெருஞ்சிப்பூ ஆகிய அச்சுகளை ஆறு நிற மைப்பெட்டிகளில் ஒற்றிப் பதிப்பாள். மை காய்வதற்குப் பதினைந்து நிமிடம். அதுவரை யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

தன் அட்டை நாற்பத்தொரு கிலோ கனத்தது என்று கேள்விப்பட்டவுடன் அவள் செய்த முதற்காரியம், தாளையும் பசையையும் மையையும் தனித்தனியே நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கூட்டிப் பார்த்தது. பதினெட்டு கிராம்.

"என் பக்கத்துல தப்பு இல்ல," என்றாள். அதோடு அவளைப் பொறுத்தவரை ஆராய்ச்சி முடிந்தது.

இருபது கிலோவுக்கு மேற்பட்ட கடிதத்தைத் தபாலில் எடுக்க வழியில்லை என்று குற்றாலிங்கம் தெரிவித்துவிட்டதால், பிச்சைக்கனி தன் வாழ்த்தை வேனில் ஏற்றித் தூத்துக்குடிக்குத் தானே கொண்டுபோனாள். புதுவீட்டின் நடுக்கூடத்தில் அதை இறக்கி வைத்தபோது அண்ணன், "என்னம்மா இது, அம்மிக்கல்லா?" என்று கேட்டான். பிச்சைக்கனி பதில் சொல்ல வாயெடுத்தவள், தான் நினைத்திராத ஒன்றைச் சொன்னாள்: "அம்மா வளையலை மதினிக்குக் குடுத்தியேண்ணே, குடுத்தது சரிதான், எனக்கு ஒண்ணும் வேணாம், ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்ல." அவள் சொல்லி முடித்தபோது மின்விசிறிக் காற்றில் அட்டை தரையைவிட்டுக் கிளம்பிப் பறந்து போய்ப் பூசை அறை வாசலில் விழுந்தது.

ஊருக்குத் திரும்பி வந்து பிச்சைக்கனி சொன்னது சுருக்கமானது. "கையில இருக்கிறவரைக்கும் காகிதம். கைய விட்டதும் கனம். சொல்லாம விட்டதெல்லாம் ஏறுது, சொன்னா இறங்குது. கேக்க வேண்டியவுக காதுல விழணும், அவ்வளவுதான்." சாத்தூர்ப் பேருந்து இனிமேல் ஐந்தேகாலுக்கு என்று சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டது ஊர்.

அதன் பிறகு எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்தது. குற்றாலிங்கம் அஞ்சலகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: இரண்டு கிலோவரை கடிதம், இருபது கிலோவரை பார்சல், அதற்கு மேல் அனுப்புநர் பொறுப்பு. சொல்ல வேண்டியதை டீக்கடையில் சொன்னால் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை என்றும், தொலைபேசியில் சொன்னால் கால்பங்கு குறைகிறது என்றும், பொய் சொன்னால் கூடுகிறது என்றும் அவர் தம் சொந்தச் செலவில் சோதித்து அறிந்தவற்றை அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் சேர்த்தார். பொய் விஷயம் முதலில் சுடலைமுத்துவால் தெரியவந்தது. மூட்டை தூக்கும் தொழிலாளியான அவர், கல்யாண நாளுக்கு மனைவிக்கு வாங்கிய அட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு, "நேத்து முழுக்க கிட்டங்கியில மூட்டை இறக்கிக்கிட்டுதான் இருந்தேன்" என்று சொன்னார். படி இரண்டாகப் பிளந்தது. அன்றுமுதல் அந்தத் தெருவில் படிக்கட்டு பிளந்திருந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

சம்பந்தம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் ஜாதகத்தோடு ஓர் அட்டையும் கேட்கலானார்கள். பையன் தன் தாய்க்கு எழுதிய அட்டை இருநூறு கிராமுக்குக் குறைந்தால் வாய் அடங்காதவன், ஐந்து கிலோவுக்கு மிஞ்சினால் மனத்துக்குள் வைத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்குபவன், ஒன்றரைக் கிலோ என்றால் நல்ல இடம் என்பது நாளடைவில் நிலைபெற்ற கணக்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு ஆசிரியர் தினத்தன்று பழைய மாணவர்களிடமிருந்து வந்த முப்பது அட்டைகளின் பாரத்தில் முன்னறையின் தரைக்கற்கள் விரிசல் விட்டன. அவர் கற்களை மாற்றாமல் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தார். பைண்டிங் வேலை பார்க்கும் முத்துச்செல்விக்கு அவள் கணவன் கொடுத்தது அறுபத்திரண்டு கிலோ. அவள் அதை நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் ஏற்றி வைத்திருந்தாள்.

"அப்படி என்னத்தைத்தான் சொல்லாம வச்சிருக்காராம், கேட்டியா?" என்று பிச்சைக்கனி விசாரித்தபோது, "சொல்லட்டும், மெதுவாச் சொல்லட்டும்," என்றாள் முத்துச்செல்வி. "ஊறுகாய் ஊறுறதுக்குள்ள சொல்லிட்டாகன்னா நான் கல்லுக்கு எங்க போறது?"

அச்சகங்களில் அச்சான அட்டைகள் மட்டும் எப்போதும்போல் காகிதமாகவே இருந்தன. முதலில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட அச்சகத்தார், கனமில்லாத வாழ்த்தை எவரும் நம்புவதில்லை என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ராஜகனியின் வீட்டு வாசலில் கூட்டம் கூடியது. அவள் நாளொன்றுக்கு எட்டு அட்டைகளுக்கு மேல் செய்ய மறுத்தாள். ஊருக்கே கனம் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நான்கு மாதங்களில் தன் பெயரில் யாருக்கும் ஓர் அட்டைகூட அவள் எழுதவில்லை என்பதைக் கவனித்தவர் ஆறுமுகச்சாமி ஒருவரே. கவனித்ததை அவர் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் ராஜகனிக்குத் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. அவளுடைய தங்கை தங்கபுஷ்பத்தின் கணவர் சிவனணைந்தபெருமாளுக்கு வெள்ளிக்கிழமை அறுபதாம் கல்யாணம். நான்கு தெரு தள்ளியிருக்கும் உடன்பிறந்தவளுக்கு, தாம்பூலத் தட்டோடு நேரில் வந்து வைக்க வேண்டிய பத்திரிகை அஞ்சல்தலை ஒட்டி வந்திருந்தது. உறையை நீட்டிய தாவீது மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "திங்கக்கிழமை சாமான் எல்லாம் லாரியில ஏத்துறாகளாம்மா," என்றார். "ஓசூர்ல பையன் வீட்டோடயே போயிடறாக. இந்த வீட்டையும் குடுத்தாச்சாம். இனிமே இந்தப் பக்கம் என்ன சோலி இருக்கு அவுகளுக்கு."

அவர் போன பிறகு ராஜகனி பத்திரிகையை மேசைமேல் வைத்து வழக்கப்படி மூன்றுமுறை படித்தாள். பிழை ஒன்றும் இல்லை.

பிழை எட்டு ஆண்டுகளுக்கு முன்பு நேர்ந்தது. ராஜகனியின் மகள் கல்யாணப் பத்திரிகையில், வரவேற்பவர்களாக உறவினர்களைக் கணவன் பெயர், மனைவி பெயர் என்று இணை இணையாக அடுக்கிய பட்டியலில், தங்கபுஷ்பத்தின் பெயர் மட்டும் துணையில்லாமல் தனியே நின்றது. ஆயிரம் பத்திரிகைகள் அச்சாகி, மஞ்சள் தடவி, பாதிக்குமேல் ஊருக்குள் போய்விட்ட பிறகே அது தெரியவந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெண்ணின் பெயர் அப்படித் தனித்து நின்றால் அதற்கு ஒரே பொருள்தான். உயிரோடிருக்கும் மனிதரை அந்தப் பத்திரிகை இல்லாமல் ஆக்கியிருந்தது. தங்கபுஷ்பம் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அச்சகத்துக்கு வந்தாள். முதலாளி அருளப்பன், டைரி வாங்க வந்த ஏஜெண்டு ஒருவர், வேலையாட்கள் நான்கு பேர், எல்லோரும் இருந்தார்கள். "விட்டுப்போச்சாக்கா, இல்ல விட்டியா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். விட்டுப்போயிற்று என்று சொல்வதற்கு ராஜகனி வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது.

"என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது," என்றாள்.

தங்கபுஷ்பம் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பின் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. ராஜகனி வேண்டுமென்றே செய்தாள் என்று ஊர் முடிவு கட்டியது. ஆனால் எந்த அச்சகமும் அவளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்தவில்லை. தங்கை கணவரின் பெயரை வஞ்சம் வைத்து நீக்குகிறவளிடம் டைரியை நம்பிக் கொடுக்கலாம். கண் தவறுகிறவளிடம் கொடுக்க முடியாது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் அட்டை செய்ய உட்கார்ந்தாள். கழித்த தாள்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் புரட்டி, மயிலின் கழுத்து நீலமும் ஏதோ ஒரு சேலைக்கடை விளம்பரத்தின் அரக்குக் கரையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புதிதாக ஒரு நிறமாகிவிட்ட சதுரத்தைத் தேர்ந்தெடுத்தாள். வெட்டினாள், ஒட்டினாள், மடித்துத் தேய்த்தாள். சுற்றிலும் மாவிலை, நடுவில் இரண்டு கிளி. மை காயும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு 'சிவனணைந்தபெருமாள் – தங்கபுஷ்பம் தம்பதியர்க்கு' என்று உறைமேல் எழுதி, ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்து, பேனாவை மூடிவிட்டுக் கையை எடுத்தாள். மேசையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் முறிந்தன.

அடுக்களையிலிருந்து வந்து பார்த்த ஆறுமுகச்சாமி, சிமெண்டுத் தரையில் ஒரு விரற்கடை அழுந்திக் கிடந்த அட்டையின் ஓரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"ரெண்டு ரீலு பேப்பர் கனம் இருக்கும்போலயே," என்றார். "வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வெளிய எடுக்கணும்."

"எடுக்கலாம். எடுத்து?"

"நாளைக்குக் காலைல கொண்டுபோறேன்."

மறுநாள் விடிந்ததும் ஆறுமுகச்சாமி, அருளப்பனுடைய அச்சகத்திலிருந்து, காகிதக் கட்டுகளை நகர்த்துகிற இரும்பு டிராலியைக் கேட்டு வாங்கி வந்தார். கடப்பாரையால் நெம்பி ஆறு பேர் அட்டையை அதில் ஏற்றினார்கள். அஞ்சலகத்தைக் கடக்கும்போது குற்றாலிங்கம் குறுக்கே வந்து, "முறைப்படி எடை பதிஞ்சிரலாம்மா, ஊர்ல இதுவரைக்கும் நூத்துப்பத்துதான் பெருசு," என்று கிடங்குத் தராசுக்கு அழைத்துப் போனார். முந்நூற்றுப் பதினெட்டு. "சட்டப்படி இது தபால் இல்ல, சரக்கு," என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அவரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்.

நான்கு தெருக்களையும் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டிராலியை ஆறுமுகச்சாமியும் தாவீதும் சுடலைமுத்துவும் தள்ள, ராஜகனி வெளிர்பச்சைப் பட்டுச்சேலையில், அடிக்கோலைப்போல் நிமிர்ந்து, முன்னால் நடந்தாள். அச்சகங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தவர்கள் வந்தார்கள், நிறுத்தாமல் வந்தவர்களும் வந்தார்கள். பால்காரர் வந்தார், பைண்டிங் பெண்கள் வந்தார்கள், ஊறுகாய்க் கையோடு முத்துச்செல்வி வந்தாள்.

"ராசகனியக்கா! ஒரு புள்ளிகூட விடமாட்டீகளே, இம்புட்டையும் எப்பிடிக்கா விட்டீக?" என்று முத்துச்செல்வி கேட்டாள். கூட்டம் சிரித்தது.

தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் பந்தலும் வாழைமரமும் இருந்தன, மூன்று படிகள் இருந்தன, டிராலி படியேறாது. உள்ளே நாதஸ்வரக்காரர் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்; முகூர்த்தத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அரக்குப் பட்டும் தலைநிறையப் பூவுமாகத் தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். டிராலியைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் தெருவடைத்து நின்ற ஊரைப் பார்த்தாள், கடைசியாக அக்காளைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

பிறந்ததிலிருந்து 'வா, போ' என்று பேசிய வாய். ராஜகனி அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு, படிக்குக் கீழேயே நின்று, இரவெல்லாம் மனத்துக்குள் எழுதி அடித்துத் திருத்தி வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

"கல்யாண அலைச்சல் புஷ்பம். அச்சகத்துல கடைசி நேரத்துல வரியை மாத்திப் போட்டுட்டாக..."

டிராலியின் முன்சக்கரம் வாசற்கல்லை உடைத்துக்கொண்டு அரைச்சாண் இறங்கியது.

"கூடுது, கூடுது!" என்று யாரோ கத்தினார்கள். "எக்கா, நெசத்தைச் சொல்லுங்க, எங்க அச்சகத்தை இழுக்காதீக," என்றார் அருளப்பன்.

ராஜகனி கண்ணை மூடித் திறந்தாள். "உன்மேலயோ உன் வீட்டுக்காரர்மேலயோ எனக்கு ஒரு நாளும் வருத்தம் கிடையாது."

டிராலி மெல்ல முனகிற்று. "ஒரு முப்பது கிலோ போயிருக்கும்," என்றார் தாவீது. நான்கு மாதப் பழக்கத்தில் அவர் காதாலேயே எடை சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார்.

"வருத்தம் இல்லாமத்தான் பேரை எடுத்தீகளோ?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"எடுக்கல." ராஜகனியின் குரல் தாழ்ந்தது, தாழ்ந்ததைத் தானே கண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உயர்த்தினாள். "எடுக்கல புஷ்பம். நான் பார்க்கல. தப்பு விட்டுட்டேன். என் கண்ணுக்குத் தப்பிப் போச்சு."

நாற்பது அச்சகத்தாரும் மூச்சடக்கி நின்ற அந்தத் தெருவில், சக்கரம் புதைந்த குழியிலிருந்து தானாக மேலேறிவரும் ஓசை மட்டும் கேட்டது. அருளப்பன் பக்கத்திலிருந்தவர் காதோடு, "அப்போ நம்ம டைரியை இன்னொருக்கா பாத்துரணும்," என்று சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். அது ராஜகனியின் காதில் விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்து காலை நேரங்களில் மேசை காலியாகக் கிடக்கும் என்று அவள் கணக்கிட்டுக்கொண்டாள். கணக்கு சரியாகவே இருந்தது.

ஆனால் தங்கபுஷ்பத்தின் முகம் தெளியவில்லை, சிவந்தது. "மறந்துட்டேன்னு சொல்றியா?" என்றாள், 'வாங்க' எங்கோ விழுந்துபோயிற்று. "எட்டு வருசமா நீ என்னை வஞ்சம் வச்சு அடிச்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அடிக்கிறதுக்காச்சும் நான் உனக்கு ஒரு ஆளா இருக்கேன்ல, அப்படின்னு. இப்ப வந்து, கண்ணுல படலைங்கிற. அறுபது வரி உன் கண்ணுல பட்டுச்சு. மாப்பிள்ளை வீட்டுச் சமையக்காரன் பேருகூடப் பட்டுச்சு. இவரு மட்டும் படலையாக்கும்? அந்த அளவுக்கா நாங்க இல்லாமப் போயிட்டோம்?"

"பாதிதான் இறங்கியிருக்கு," என்றார் தாவீது அடங்கிய குரலில்.

ராஜகனி முதல் படியில் ஏறினாள். தான் மனத்துக்குள் எழுதி வைத்ததில் இதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. திருத்தாத தாளைக் கையிலிருந்து விடுகிற கூச்சம் அவளுக்கு வந்தது, விட்டாள்.

"நான் அந்தப் பத்திரிகையை மூணு தடவை வாய்விட்டுப் படிச்சேன் புஷ்பம். மூணு தடவையும் உன் வீட்டுக்காரர் பேரைச் சேர்த்துத்தான் படிச்சேன். தாள்ல இல்ல, என் வாயில இருந்துச்சு. சிவனணைந்தபெருமாள் – தங்கபுஷ்பம்னு சொல்லித்தான் மூணு தடவையும் அடுத்த வரிக்குப் போனேன். சமையக்காரன் பேரை எழுத்தெழுத்தா கூட்டிப் படிச்சேன், ஏன்னா அவனை எனக்குத் தெரியாது. உங்க பேரை நான் எதுக்குப் படிக்கணும்? நீ இருக்கிற இடத்துல அவரும் இருக்காருன்னு கண்ணு தானே வச்சுக்கிச்சு. இல்லாத பேரை இருக்கிறதாப் பார்த்தேனே தவிர, இருக்கிற உங்களை இல்லாததா ஒருநாளும் பார்க்கல. இதை அன்னைக்கு அருளப்பன் முன்னால சொல்லியிருக்கணும். என் பேரு கெட்டுப்போகும்னு பயந்து சொல்லல. என் பேருக்காக உன் வீட்டுக்காரர் பேரை எட்டு வருசம் அப்படியே விட்டுட்டேன்."

பந்தலுக்குள் புகுந்த காற்றில் வாழையிலைகள் அசைந்தன. டிராலியின் மேல் கிடந்த அட்டையும் அசைந்தது; ஓரம் தூக்கியது; ஆறுமுகச்சாமி பறந்துவிடாமல் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். பதினெட்டு கிராம். எடுத்து மனைவியிடம் கொடுத்தார். அவள் இன்னும் இரண்டு படிகள் ஏறித் தங்கையிடம் கொடுத்தாள்.

தங்கபுஷ்பம் அதை இரண்டு விரல்களால் பிடித்து, உறைமேல் இருந்த இரண்டு பெயர்களையும் உதடசையப் படித்தாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த வேளையில், பட்டு வேட்டியும் பாதி கட்டிய அங்கவஸ்திரமுமாகச் சத்தம் கேட்டு வெளியே வந்து நின்றிருந்த சிவனணைந்தபெருமாள், பழைய கணக்கொன்று தீர்ந்த ஆறுதலில், கைகளைப் பிசைந்துகொண்டு முன்னால் வந்தார். சாதுவான மனிதர்.

"இதுக்குப் போய் ஏன் மதினி இவ்வளவு தூரம் மனசை வருத்திக்கிறீக," என்றார். "நானும்தான் அந்தப் பத்திரிகையைப் படிச்சேன். முழுசாப் படிச்சேன். என் பேரு இல்லைன்னு எனக்கே தெரியல. இருக்குதுன்னுதான் நினைச்சேன். இவ அழுதுக்கிட்டே கொண்டாந்து காட்டுனப்பதான்..."

தெரு முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் அட்டையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"உங்களுக்கே தெரியல."

"தெரியல."

"படிச்சவுக எவருக்கும் தப்பிப்போகும்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுதான்... இல்ல, நீ அவ்வளவு கோவமா இருந்த. அந்த நேரத்துல போய்ச் சொல்லி..."

"எட்டு வருசமுமா நான் கோவமா இருந்தேன்?"

சிவனணைந்தபெருமாள் யோசித்தார். இருந்தாய் என்பதே உண்மையான விடை; அதைச் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அவருக்கு அறுபது வயதாகியிருந்தது. முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து ஐயர், மாப்பிள்ளையைக் கூட்டி வரலாமா என்று குரல் கொடுத்தார்.

"இருங்க சாமி, நேரம் இருக்கு," என்று தங்கபுஷ்பம் உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு அக்காளின் கையைப் பிடித்து, மூன்றாம் படியிலிருந்து வாசலுக்குள் இழுத்துத் தன்னருகில் நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, அந்தப் பேப்பரு, பசை, ரப்பர் அச்சு எல்லாம் வீட்டுலதான இருக்கு?"

"இருக்கு. மேசைதான் இல்ல."

"மேசை இங்க இருக்கு. அத்தானை அனுப்பி எல்லாத்தையும் எடுத்தாரச் சொல்லு. இவரு என் பேருக்கு ஒரு அட்டை எழுதட்டும். ரெண்டாந்தரம் தாலி கட்டிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு எடை தெரியணும்."

குற்றாலிங்கம் பதிவேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினார். மை காய்வதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று ராஜகனி சொன்னாள். தாவீது, யாரும் சொல்லாமலே, டிராலியைத் திருப்பி மாப்பிள்ளையின் பக்கமாக நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் இரண்டு செங்கற்களை முட்டுக்கொடுத்தார்.